துடுப்பில் காது வைத்த ஊரில் எந்த இயர்பட்ஸ்?

அக்காவின் மகனுக்கு ஒலுவிலில், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. போவதற்கு முன் வாங்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தான். வாளி, பாய், நுளம்பு வலை, மல்டிபிளக். கடைசி வரியில் ஒரு கேள்விக்குறியோடு இயர்பட்ஸ்.

"மாமா, நொய்ஸ் கான்சலிங் எடுக்கவா, இல்லாட்டி இப்ப வருகுதே காதுக்கு வெளிய கொழுவுற ஓப்பன் டைப், அத எடுக்கவா?"

எங்கள் வீட்டில் இந்த மாதிரிக் கேள்விகள் எல்லாம் என்னிடம்தான் வரும். "உனக்கு எந்தச் சத்தம் தொல்லை?" என்று திருப்பிக் கேட்டேன். பொருளைப் பற்றிக் கேட்டால் இவர் சத்தத்தைப் பற்றிக் கேட்கிறாரே என்பதுபோல் ஒரு மாதிரிப் பார்த்தான். ஆனால் இதில் தொடங்க வேண்டிய இடம் அதுதான். இந்த இரண்டு வகையும் ஒரே வேலையைக் கூடக் குறையச் செய்கிற இரண்டு பொருள்கள் இல்லை. ஒன்று சில சத்தங்களை மட்டும் அடக்கும். மற்றது எந்தச் சத்தத்தையும் அடக்காது, அடக்காமல் இருப்பதற்காகவே காசு வாங்கும். ஆகவே நாம் எந்தச் சத்தங்களுக்குள் வாழ்கிறோம் என்று தெரியாமல் எது நல்லது என்று சொல்ல முடியாது.

நொய்ஸ் கான்சலிங், சுருக்கமாக ஏ.என்.சி, எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் பார்க்கலாம். சத்தம் என்பது காற்றில் ஓடும் அழுத்த அலை. மேடும் பள்ளமுமாக வரும். இயர்பட்ஸின் வெளிப்புறத்தில் இருக்கும் மைக் அந்த அலையைப் பிடிக்கிறது. உள்ளே இருக்கும் சிப், மேடு வரும் இடத்தில் பள்ளமும் பள்ளம் வரும் இடத்தில் மேடுமாக ஓர் எதிரலையைச் செய்து ஸ்பீக்கர் வழியாக விடுகிறது. இரண்டும் காதுக்குள் சந்திக்கும்போது ஒன்றையொன்று தின்றுவிடும். நல்ல மாடல்களில் உள்பக்கமும் ஒரு மைக் இருக்கும். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கேட்டு, கணக்கைத் திருத்திக்கொண்டே இருக்கும்.

யோசனை பழையது. பவுல் லூக் என்ற ஜெர்மானியருக்கு 1936இலேயே இதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்துவிட்டது. அந்த வேகத்தில் எதிரலை செய்ய அன்று கருவி இருக்கவில்லை. 1978இல் சூரிச்சிலிருந்து விமானத்தில் பறந்த அமர் போஸ் என்ற பேராசிரியர், கொடுத்த ஹெட்போனில் விமான இரைச்சலைத் தாண்டி எதுவும் கேட்கவில்லை என்று கடுப்பாகி, அந்தப் பயணத்திலேயே கணக்குப் போடத் தொடங்கினார். அவருடைய தகப்பன் வங்காளத்திலிருந்து அமெரிக்காவுக்குப் போனவர். 1989இல் அவருடைய கொம்பனி விமானிகளுக்கான ஹெட்செட்டை விற்பனைக்கு விட்டது. இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: இது விமான எஞ்சினுக்காகப் பிறந்த சாமான். மணிக்கணக்கில் ஒரே மாதிரி உறுமும் சத்தத்துக்கு எதிராகச் செய்யப்பட்டது. 2019 அளவில் ஆப்பிளின் எயார்பொட்ஸ் புரோவும் சோனியின் சின்ன இயர்பட்ஸும் வந்து, அது எல்லாருடைய காதுக்குள்ளும் புகுந்தது. சாமான் சிறுத்தாலும் அதன் பிறவிக் குணம் மாறவில்லை.

ஏன் மாறவில்லை? காற்றில் சத்தம் ஒரு செக்கனுக்கு 340 மீற்றர் அளவில் போகும். 100 ஹேர்ட்ஸில், அதாவது செக்கனுக்கு 100 அலையாக, உறுமும் எஞ்சின் சத்தத்தின் ஒரு அலை 3.4 மீற்றர் நீளம், கடந்து போக 10 மில்லிசெக்கன் எடுக்கும். அவ்வளவு நேரத்தில் சிப் ஆறுதலாகக் கணக்குப் போட்டு எதிரலையைச் சரியாகப் பொருத்திவிடும். 5,000 ஹேர்ட்ஸில் கீச்சிடும் சத்தத்தின் அலை 7 சென்ரிமீற்றர்தான். 0.2 மில்லிசெக்கனில் போய்விடும். எதிரலை ஒரு துளி பிந்தினாலும் பள்ளம் விழ வேண்டிய இடத்தில் மேடு விழும், சத்தம் குறைவதற்குப் பதிலாகக் கூடும். அதனால்தான் ஏறத்தாழ 1,000 ஹேர்ட்ஸுக்கு மேல் சிப் பெரும்பாலும் கைவிட்டுவிடுகிறது. அதற்கு மேல் உள்ள சத்தத்தை அடக்குவது, காதுத் துவாரத்தை இறுக்கி மூடியிருக்கும் அந்தச் சிலிக்கன் ரப்பர்தான். கணிசமான வேலையைச் செய்வது ரப்பர், பெயர் எடுப்பது சிப்.

இனி நம்முடைய சத்தங்களுக்கு வருவோம்.

மட்டக்களப்பில், கல்லடியில் என் வீட்டில் ஒரு நாள் காலையில் கேட்பவை: காகம், பாண் ஓட்டோவின் மெட்டு, பக்கத்து வீட்டுக் குக்கர், பள்ளிக்கூட வான்காரனின் ஹோர்ன், அம்மா கூப்பிடும் குரல். இவற்றில் ஒன்றுகூட நீண்டு உறுமுவது இல்லை. எல்லாம் திடீரென்று வந்து போகும், கூரான சத்தங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக் காலம் வந்தால் ஒலிபெருக்கி, பறை, வெடி. அதிலும் பெரும்பகுதி மேல் அலைவரிசை. பறையின் அடி கீழே இருந்தாலும் ஒவ்வொரு அடியும் புதிதாக வெடிப்பதால் சிப்புக்கு அதை முன்கூட்டி ஊகிக்க வழி இல்லை. மருதமுனையில் கைத்தறி ஓடும் வீடுகளுக்குப் போனவர்களுக்கு அந்தச் சட்டக் சட்டக் சத்தம் தெரியும். சிறந்த ஏ.என்.சியைப் போட்டுக்கொண்டு தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாலும் ரப்பர் மூடிய அளவுக்குத்தான் குறையும்.

மறுபக்கம், சீலிங் பேன், ஏ.சி, ஜெனரேற்றர், நெல் ஆலை, ரயில் எஞ்சின், இரவு பஸ். இவையெல்லாம் ஏ.என்.சிக்கு அல்வா. 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம் வரைக்கும் கரண்ட் போனதே, அப்போது பக்கத்துக் கடை ஜெனரேற்றரின் உறுமலை மறைத்த ஒரு இயர்பட்ஸை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

ரயிலில் அது காட்டும் வேடிக்கை தனி. மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு இரவு ரயிலில் எட்டு ஒன்பது மணி நேரம். முதல் தடவை ஏ.என்.சியைப் போட்டு அழுத்தியதும் டீசல் எஞ்சினின் உறுமல், தண்டவாள அதிர்வு எல்லாம் யாரோ கதவைச் சாத்தியதுபோல் போய்விட்டது. போன இடத்தில் பின் சீற்றில் இருந்த இரண்டு பேரின் காணி வழக்கு தெள்ளத் தெளிவாகக் கேட்கத் தொடங்கியது! அதுவரை எஞ்சின் சத்தம் அவர்களை மூடி வைத்திருந்தது. எஞ்சினை எடுத்துவிட்டால் பேச்சு மேலே வரும், ஏனென்றால் பேச்சில் சொல்லைச் சொல்லாகப் புரிய வைக்கும் மெய்யெழுத்துச் சத்தங்கள் 2,000 முதல் 4,000 ஹேர்ட்ஸ் பக்கம் இருக்கின்றன. அது சிப் எட்டாத இடம். புனாணை தாண்டுவதற்குள் அந்தக் காணியின் நான்கு எல்லையும் எனக்கு மனப்பாடம். அப்புறம் பாட்டை மெல்லிய சத்தத்தில் வைத்ததும் அவர்கள் மறைந்துபோனார்கள். ஏ.என்.சியின் உண்மையான பலன் இங்கேதான். முழு அமைதியை அது தராது, ஆனால் குறைந்த சத்தத்தில் பாட்டுக் கேட்க இடம் செய்து தரும். இந்த இடத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்பி வருகிறேன்.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. நான் முதலில் வாங்கிய நொய்ஸ் கான்சலிங் இயர்பட்ஸில் நொய்ஸ் கான்சலிங்கே இருக்கவில்லை. பெட்டியில் கொட்டை எழுத்தில் ஈ.என்.சி என்று போட்டிருந்தது. கடைக்காரத் தம்பி "ரெண்டும் ஒண்டுதான் அண்ணன்" என்றார். ஒன்று இல்லை. ஈ.என்.சி என்பது நாம் போனில் பேசும்போது நம்முடைய மைக்கில் விழும் சுற்றுச் சத்தத்தை வடிகட்டி, மறுமுனையில் இருப்பவருக்கு நம் குரலைச் சுத்தமாகக் கொடுப்பது. நம் காதுக்கு அது எதையும் குறைக்காது. சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது இதுதான். ஈ, ஏ என்ற ஒரு எழுத்து வித்தியாசத்தில் எத்தனை பேர் ஏமாந்திருப்பார்கள். சோதிக்க எளிய வழி, கடையில் பேனுக்குக் கீழே நின்று, பாட்டுப் போடாமல், ஏ.என்.சியைப் போட்டு நிறுத்திப் பார்ப்பது. பேனின் உறுமல் குறைந்து கூடினால் உண்டு. ஒரு மாற்றமும் இல்லையென்றால் பெட்டியை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இனி ரப்பர். ஏ.என்.சிக்கு உயிர்நாடி அதுதான், அதன் பெரிய தொல்லையும் அதுதான். மூடாவிட்டால் எதிரலை கசிந்துபோகும், வெளிச் சத்தம் உள்ளே வரும். 2024இல் வந்த எயார்பொட்ஸ் 4இல் ரப்பர் இல்லாமலே ஏ.என்.சி கொடுத்துப் பார்த்தார்கள். வேலை செய்கிறது, ஆனால் மூடிய வகை அளவுக்கு வராது. மூடினாலோ வேறு பிரச்சினை. காதுத் துவாரம் இரண்டரை சென்ரிமீற்றர் நீளமான ஒரு குருட்டுச் சந்து. நம்முடைய கரையோர ஈரப்பதத்தில், கச்சான் காற்று அனலாக வீசும் ஆடி மாதத்தில், அந்தச் சந்தை மூன்று மணி நேரம் அடைத்து வைத்தால் உள்ளே வியர்க்கும். ஈரமான துவாரம் கிருமிக்கும் பூஞ்சைக்கும் பிடித்த இடம். வெளிக்காது அழற்சியும் காதுப் பூஞ்சையும் வெப்பமும் ஈரமும் உள்ள நாடுகளில் கூடுதலாகக் காணப்படுவது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். தானாக வெளியே வரவேண்டிய காதுக் குறும்பியையும் ரப்பர் உள்ளே தள்ளும். வாவியில் குளித்துவிட்டு ஈரக் காதோடு இயர்பட்ஸைச் செருகும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள்.

மூடிய காதுக்கு இன்னொரு குணம், நம் உடம்பின் சத்தம் நமக்கே பெரிதாகக் கேட்பது. முறுக்குக் கடித்தால் மண்டைக்குள் ஓடு உடைகிற மாதிரி இருக்கும். நடந்தால் ஒவ்வொரு காலடியும் இடிக்கும். பேசினால் சொந்தக் குரல் குடத்துக்குள் இருந்து வரும். எலும்பு வழியாக வரும் அதிர்வு வழக்கமாகத் துவாரத்தால் வெளியேறிவிடும். அடைத்தால் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுற்றுகிறது. ஒன்லைன் வகுப்பு எடுத்த காலத்தில் எனக்கு இது பெரிய வதை. நாற்பது நிமிடம் என் குரலையே குடத்துக்குள் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

திறந்த வகை இந்த இடத்தில்தான் வருகிறது. அதிலும் பல ரகம். காதின் மேல் கொக்கிபோல் தொங்கி, துவாரத்துக்கு எதிரே ஸ்பீக்கரை நிறுத்துவது ஒன்று. 2023இல் வந்த ஷொக்ஸ் ஓப்பன்ஃபிட் அந்த இனம். காது மடலைக் கம்மல் மாதிரிக் கவ்விப் பிடிப்பது இன்னொன்று. ஹுவாவேயின் ஃபிரீகிளிப், 2024இல் 299 டொலருக்கு வந்த போஸ் அல்ட்ரா ஓப்பன் இரண்டும் அப்படி. சோனி 2022இல் லிங்க்பட்ஸ் என்று நடுவில் ஓட்டை போட்ட ஸ்பீக்கரையே செய்தது. விலையும் பெயரும் எதுவானாலும் கொள்கை ஒன்று: துவாரத்தை மூடாதே.

அந்த வரிசையில் எலும்பு வழியாகக் கேட்கும் வகையும் உண்டு. கன்னத்து எலும்பில் அதிர்வைக் கொடுத்து, செவிப்பறையைத் தொடாமல் உட்காதுக்கே அனுப்புவது. இதை நவீனக் கண்டுபிடிப்பாக விளம்பரம் செய்யும்போது எனக்குச் சிரிப்பு வரும். மட்டக்களப்பான் இதை எப்போதோ செய்துவிட்டான். பறுவ நாளில், முழு நிலவில், வாவியில் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையில் காதை வைத்துத்தானே தண்ணீருக்குள் பாடுகிறது என்று சொல்லப்படும் பாடுமீனைக் கேட்டார்கள்! 1848இல் இங்கு வந்த அன்றைய அரசாங்கச் செயலாளர் எமர்சன் டெனன்ட், தோணியின் மரத்தில் காதை வைத்ததும் சத்தம் பெருத்துக் கேட்டது என்று எழுதி வைத்திருக்கிறார். தண்ணீரில் ஓடும் சத்தத்தில் மிகச் சிறு பங்குதான் காற்றுக்கு வரும். மிச்சம் நீர்மட்டத்தில் முட்டித் திரும்பிவிடும். மரம் அந்த அதிர்வை நேரே மண்டையோட்டுக்குக் கொண்டுவருகிறது. பாடுவது மீனா, மட்டியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. கேட்கும் முறையில் மட்டும் சந்தேகம் இல்லை. இப்போது விற்கும் எலும்புவழி ஹெட்செட்டுக்கு ஒரே குறை, பேஸ், அதாவது பாட்டின் கீழ்ச் சத்தம், மிகவும் மெலிவு. ஏற்றினால் கன்னம் கூசும். பேச்சுக் கேட்க நல்லது, பாட்டுக்கு எனக்குச் சரிவரவில்லை.

காற்றுவழித் திறந்த வகைக்கும் பேஸ் குறைவுதான். மூடிய துவாரத்துக்குள் இருக்கும் காற்று ஒரு கரண்டி அளவுகூட இல்லை. சின்ன ஸ்பீக்கர் லேசாக அசைந்தாலே அழுத்தம் ஏறி, தவில் தவிலாகக் கேட்கும். திறந்துவிட்டால் அந்த அழுத்தம் வெளியே ஓடிவிடும். ஈடுசெய்யப் பெரிய ஸ்பீக்கர் போடுகிறார்கள். இன்னொரு சிக்கல், பக்கத்தில் இருப்பவருக்கும் நம் பாட்டுக் கேட்பது. அதற்குச் செய்யும் வித்தை எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்பீக்கரின் முன்பக்கச் சத்தம் காதுக்கு, பின்பக்கச் சத்தம் வேறு ஓட்டை வழியாக வெளியே. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரலை. காதருகே முன்பக்கம் ஓங்கி நிற்கும். ஒரு மீற்றர் தள்ளி இரண்டும் சந்தித்து அழிந்துவிடும். அதாவது ஏ.என்.சி செய்யும் அதே வேலை, திசை மட்டும் மாறியிருக்கிறது. அங்கே ஊரின் சத்தத்தை நமக்குக் கேட்காமல் செய்கிறது, இங்கே நம் சத்தத்தை ஊருக்குக் கேட்காமல் செய்கிறது. இந்த அழிப்பும் கீழ் அலைவரிசையில்தான் நன்றாக நடக்கும் என்பதால் பேஸில் இன்னும் கொஞ்சம் போய்விடுகிறது. வாசிகசாலை மாதிரி அமைதியான இடத்தில் பக்கத்து மேசைக்காரருக்கு ட்ரம்ஸில் அடிக்கும் ஹை-ஹாட் தாளத்தின் சத்தம் மட்டும் எறும்பு ஊர்கிற மாதிரிக் கேட்கும்.

எனக்குத் திறந்த வகை பிடித்துப்போனதற்கு ஒலித்தரம் காரணம் இல்லை. அம்மா. காதை அடைத்துக்கொண்டு வீட்டுக் கோடியில் தென்னைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒரு நாள், அம்மா குசினியில் வழுக்கி விழுந்து என்னைக் கூப்பிட்டிருக்கிறார். பெரிதாக ஒன்றும் இல்லை, முழங்கையில் சிராய்ப்புத்தான். "எத்தின தரம் கூப்பிட்டன் மனே, காதுக்குள்ள என்னத்தப் பூட்டி வச்சிருக்காய்?" என்று கேட்டார். அடுத்த மாதம் ஒரு கிளிப் வகை வாங்கினேன்.

தெருவிலும் இதே கதைதான். வாவிக்கு மேற்கே படுவான்கரையில், வெல்லாவெளிப் பக்கம் வேலை முடிந்து அந்திக்குச் சைக்கிளில் வருகிறவர்களுக்கு யானை வருவது பெரும்பாலும் கண்ணுக்கு முன் காதுக்குத்தான் தெரியும். கிளை முறியும் சத்தம், நாய் குரைப்பு, தூரத்தில் யாரோ வெடி கொளுத்துவது. பாதுகாப்பு இல்லாத ரயில் கடவைகள் நம் பாதையில் எத்தனை. இந்த இடங்களில் காதை மூடிக்கொண்டு போவது சரியே இல்லை என்பது என் எண்ணம், இதில் நான் இரண்டு பக்கமும் பேசப் போவதில்லை. "ஏ.என்.சியிலும் ட்ரான்ஸ்பேரன்சி மோட் இருக்கே, வெளிச் சத்தத்தை மைக் வழியா விடுமே" என்பார்கள். உண்மை. நல்ல மாடல்களில் அது ஆச்சரியமாகவே வேலை செய்யும். ஆனால் பற்றரி தீர்ந்த நிமிடத்தில் அது வெறும் அடைப்பான். கல்லடிப் பாலத்தில் வாடைக்காற்று முகத்தில் அடிக்கும்போது மைக்கில் காற்று மோதி, சத்தம் எல்லாம் சரசரப்பாகும். குடத்துக் குரலும் வியர்வையும் அப்படியே இருக்கும். திறந்த வகையிலும் காற்றுக் காலத்தில் பாட்டு மறையும். இருந்தாலும் ஹோர்ன் கேட்கும்.

நம் ஊரில் பெரும்பாலானோர் இந்தச் சிக்கலுக்கு ஏற்கெனவே ஒரு தீர்வு வைத்திருக்கிறார்கள்: ஒரு காதில் மட்டும் போடுவது. கல்முனை பஸ் நிலையத்தில் நின்று பார்த்தால் பாதிப் பேர் அப்படித்தான். ஓட்டோக்காரர்கள் முழுப்பேரும். செலவில்லாத திறந்த வகை. ஆனால் இரண்டு சின்னக் குறை உண்டு. சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மூளை கண்டுபிடிப்பது, அது இரண்டு காதையும் வந்தடையும் நேர வித்தியாசத்தையும் உரப்பு வித்தியாசத்தையும் வைத்து. நேர வித்தியாசம் ஆகக் கூடினாலும் ஒரு மில்லிசெக்கனைத் தொடாது. ஒரு காது அடைபட்டால் அந்தக் கணக்குக் குழம்பும். ஹோர்ன் கேட்கும், இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெரியாது. இரண்டாவது, இரு காதால் கேட்கும்போது மூளை சத்தத்தைக் கூட்டிக்கொள்கிறது. ஒரு காதுதான் என்றால் அதே உரப்புக்கு ஒலியளவை ஏற்றுவோம். ஏற்றுவது அந்த ஒரு காதுக்குத்தான் விழும்.

ஒலியளவு என்றதும் முன்பு நினைவில் வைக்கச் சொன்ன இடத்துக்கு வருகிறேன். திறந்த வகையின் பெரிய பொறி இதுதான், விளம்பரத்தில் வராது. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான அளவு, வாரத்துக்கு 80 டெசிபெலில் 40 மணி நேரம். டெசிபெல் என்பது சத்தத்தின் உரப்பை அளக்கும் அலகு. ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற்றத்துக்கும் ஆற்றல் இரண்டு மடங்கு, ஆகவே நேரம் பாதி. 85இல் பன்னிரண்டரை மணி நேரம், 90இல் 4 மணி நேரம். இப்போது கொழும்பு பஸ்ஸை எடுங்கள். உள்ளே இரைச்சல் 75 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். காது திறந்திருந்தால் அந்த 75உம் அப்படியே உள்ளே வரும். பாட்டை ரசிக்க வேண்டுமென்றால் 85க்காவது ஏற்றுவோம். போக எட்டு மணி, வர எட்டு மணி. ஒரு வாரத்துக்கு உரியதை ஒரு பயணத்தில் செலவழித்து மேலே கடனும் பட்டாயிற்று. மூடிய காதில் ஏ.என்.சியோடு அதே இரைச்சல் 55க்கு இறங்கினால் பாட்டுக்கு 65 போதும். 20 டெசிபெல் குறைவு என்றால் ஆற்றலில் நூறில் ஒரு பங்கு. காதுக்கு நல்லது திறந்த வகை என்று பொதுவாகச் சொல்கிறார்களே, அது வீட்டிலும் நடையிலும் சரி. இரைச்சலுக்குள் நேர் எதிர். 12 முதல் 35 வயது வரையான 100 கோடிக்கும் அதிகமானோர் கேட்கும் பழக்கத்தாலேயே செவித்திறனை இழக்கும் ஆபத்தில் இருக்கிறார்கள் என்று அந்த நிறுவனம் சொல்கிறது. உட்காதின் மயிர்க்கலங்கள் போனால் மனிதருக்குத் திரும்ப முளைக்காது. இதையும் சொல்லிவிட வேண்டும்: ஏ.என்.சி இயர்பட்ஸ் நெல் ஆலையில் வேலை செய்கிறவருக்கான காதுக் கவசம் இல்லை. அதற்கென்று விற்கும் மலிவான ஃபோம் அடைப்பானே மேல்.

பஸ்ஸில் திறந்த வகை போட்டு, பாட்டுக் கேட்கவில்லை என்று ஏற்றுகிறோம் என்றால், பேசாமல் கழற்றிப் பையில் போடுவதே நல்லது. எப்படியும் சாரதி தன்னுடைய பாட்டை எல்லாருக்கும் சேர்த்துப் போட்டிருப்பார்.

பொருந்துவது பற்றிச் சில வார்த்தை, இவை கடையில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். கண்ணாடி போடுகிறவருக்குக் கொக்கி வகை காதின் பின்னால் இடத்துக்குச் சண்டை பிடிக்கும். எனக்குக் கிளிப்தான் சரிவந்தது. மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் போட்டுக் கழற்றும்போது எந்தத் திறந்த வகையும் தெறித்து விழும், ஒன்றை நான் பாலத்தடியில் இப்படித்தான் தொலைத்தேன். காத்தான்குடியிலிருந்து வரும் சக ஆசிரியை ஒருவர், பர்தாவுக்குள் திறந்த வகை நகர்ந்துவிடுகிறது, துணி உரசி மைக்கில் சரசரவென்று கேட்கிறது என்று மூடிய வகைக்கே திரும்பிவிட்டார். ஏ.என்.சி பற்றரியையும் கூடத் தின்னும். பேர்பெற்ற மாடல்கள் பலவற்றிலேயே ஒரு சார்ஜில் ஆறு முதல் எட்டு மணி நேர அளவுதான், இரவு ரயில் கொழும்புக் கோட்டை போய்ச் சேரும் முன் ஒரு தரமாவது பெட்டிக்குள் போட்டெடுக்க வேண்டும். திறந்ததோ மூடியதோ, நம் கடல் காற்று இரண்டையும் பாரபட்சம் இல்லாமல் பார்க்கும். வியர்வையின் உப்பு சார்ஜ் முனைகளில் பச்சை பிடிக்க வைக்கும். போட்டுக் கழற்றியதும் உலர்ந்த துணியால் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தால் கொஞ்சக் காலம் கூட உழைக்கும்.

மருமகனிடம் இவ்வளவையும் சொல்லவில்லை, பாவம். அவனுடைய ஒரு நாளை மட்டும் கேட்டேன். விடுதி அறையில் நான்கு பேர். இரவு படிக்கும்போது மற்ற மூன்று பேரும் கதைப்பார்கள். அதாவது பேச்சுச் சத்தம், சிப்புக்கு எட்டாதது, ரப்பர் மட்டும் போதும். பஸ் பயணம் அரை மணி நேரத்துக்குள். பின்னேரம் கடற்கரையில் நடை. கையில் இருந்த காசுக்கு உண்மையான ஏ.என்.சி வராது, வந்தாலும் அவனுக்கு அது உறுமலை அடக்கப் பயன்படும் நேரம் வாரத்துக்கு ஓரிரு மணிதான். ஆகவே படிக்கும்போது நன்றாக மூடும், ஏ.என்.சி இல்லாத, சாதாரண வயர் ஹேன்ட்ஸ்ஃப்ரீ ஒன்று. நடக்கவும் அம்மாவோடு கதைக்கவும் மலிவான திறந்த வகை ஒன்று. இரண்டும் சேர்த்தே அவன் நினைத்த விலைக்குள் அடங்கிவிட்டது.

போய் இரண்டு கிழமை கழித்து எடுத்தான். ஹேன்ட்ஸ்ஃப்ரீயை அறைத் தோழன் இரவல் வாங்கிவிட்டானாம். திறந்த வகையைப் போட்டுக்கொண்டு படிக்கிறானாம். "அவனுகள் கதைக்கிறதும் கேக்குது மாமா, ஆனா நல்லாத்தான் இருக்கு" என்றான். பின்னால் மூன்று பேர் சிரிக்கும் சத்தம் எனக்கும் கேட்டது. ஈ.என்.சி வேலை செய்யவில்லை போல.